கடையிலேயே செத்துப்போகும் உரம்

அத்திப்பட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கண்ணில் படுவது எல்லாமே பெரிதாகத்தான் இருக்கும். வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், நிலக்கரி வரும் கன்வேயர், கண்டெய்னர் லாரிகளின் வரிசை, கொஞ்சம் தள்ளிப் போனால் காமராஜர் துறைமுகம்... இந்த ஊரை வைத்துக்கொண்டு கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாவைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். ஆனால் காரணம் இருக்கிறது.

அந்தத் துறைமுகத்தில் 2019-ல் திரவ இயற்கை எரிவாயு முனையம் செயல்படத் தொடங்கியது. அங்கிருந்து குழாய் வழியாக எரிவாயு வாங்கும் ஆலைகளில் ஒன்று மணலியில் உள்ள மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ். அதுவரை நாப்தாவில் ஓடிய ஆலை அந்த ஆண்டுதான் எரிவாயுவுக்கு மாறியது. யூரியா செய்ய எதற்கு இவ்வளவு எரிவாயு? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பயிரால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றை ஒன்று மூன்று பிணைப்பால் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதைப் பிரித்து அம்மோனியா ஆக்க 400 டிகிரிக்கு மேல் சூடும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். அந்த அம்மோனியாவில் இருந்துதான் யூரியா.

இதே வேலையை வேர்க்கடலைச் செடியின் வேர் முடிச்சுக்குள் உட்கார்ந்துகொண்டு ரைசோபியம் என்ற பாக்டீரியா சாதாரண மண் சூட்டிலேயே செய்கிறது! சும்மா இல்லை. செடி சர்க்கரை கொடுக்கிறது, பாக்டீரியா தழைச்சத்து கொடுக்கிறது. தர்மம் கிடையாது, சுத்தமான பண்டமாற்று. மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தர பாஸ்போபாக்டீரியா இருக்கிறது. வேரே எட்டாத இடத்துக்கு நூல் நூலாகப் போய் மணிச்சத்தைக் கொண்டுவர வேர் உட்பூசணம் இருக்கிறது. நெல்லுக்கு அசோஸ்பைரில்லம். இது காற்றிலிருந்து பிடித்துத் தரும் நைட்ரஜனை விட, வேரை வளர்க்கும் ஹார்மோன்களைச் சுரந்து செய்யும் உதவிதான் அதிகம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

மணலி ஆலையில் விஜய் என்ற பெயரில் யூரியாவும் வருகிறது, உயிர் உரமும் வருகிறது. (நடிகருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) ஒரே கம்பெனி, ஒரே பெயர், பெரும்பாலும் ஒரே கடை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரிச் சரக்கா? பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

யூரியா ஒரு ரசாயனம். ஈரம் படாமல் வைத்தால் அடுத்த போகத்துக்கும் அதே யூரியாதான். உயிர் உரப் பொட்டலத்தில் இருப்பதோ உயிர். 2006-ல் உயிர் உரங்கள் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. அதன்படி தூளாக வரும் உரத்தில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும், திரவ உரத்தில் ஒரு மில்லிக்கு 10 கோடி. ஆலையை விட்டுக் கிளம்பும்போது 5 கோடி இருந்திருக்கலாம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையில், பூச்சிமருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் கிடந்த பிறகு எத்தனை இருக்கும்? கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் இருப்பு 40 பொட்டலம் என்றுதான் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இருப்பு பூஜ்யமாகவும் இருக்கலாம். தேய்மானம், கழிவு, மதிப்பிறக்கம் என்று எத்தனையோ சொல்லித்தரும் கணக்கியலில், உயிர் போன சரக்கை எழுத ஒரு பத்தி கிடையாது!

பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயி அதை வாங்கிப்போய், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி, சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்து விதைக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. "இதெல்லாம் சும்மா சார்" என்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. உயிருள்ள பொட்டலமும் செத்த பொட்டலமும் பார்க்க ஒரே மாதிரி கருப்புத் தூள்தானே.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதையேதான் சொல்கிறது. வாங்குபவருக்குத் தரம் தெரியாத சந்தையில், நல்ல சரக்குக்கும் மட்டச் சரக்கின் விலைதான் கிடைக்கும். கடைசியில் நல்ல சரக்கு கொண்டுவருபவர் கடையை மூடிவிட்டுப் போவார். (2001-ல் நோபல் பரிசு கிடைத்தது அவருக்கு.) அதனால் உயிர் உரத்துக்கு மானியம் கொடு, விலையைக் குறை என்ற கோரிக்கை பாதிதான் சரி. ஏற்கனவே மலிவான பொருள் அது. மலிவாக இருப்பதாலேயே அதைக் குளிர்ந்த இடத்தில் வைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. பால் பாக்கெட்டுக்கு இருக்கும் மரியாதை இதற்கு வேண்டும். தயாரித்த தேதி பெரிய எழுத்தில் வேண்டும், அதிக நாள் தாங்கும் திரவ வடிவம் பரவலாக வேண்டும், கடையில் இருந்து எடுத்த மாதிரியைச் சோதித்து முடிவை வெளியே ஒட்ட வேண்டும். ஆலையில் எடுத்த மாதிரியைச் சோதித்து என்ன பயன்? திருவள்ளூர் மாவட்டத்திலேயே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சோதித்த முடிவை விவசாயிக்குப் புரியும்படி சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

இன்னொரு பக்கம், பாக்டீரியா இருக்க யூரியா எதற்கு என்று மேடையில் முழங்குபவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தார்கள். நெல் விளைச்சல் சரிந்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அசோஸ்பைரில்லம் போட்டால் தழைச்சத்து உரத்தில் கால் பங்கு வரை குறைக்கலாம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பரிந்துரை. கால் பங்கு சின்ன விஷயமா? 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்குச் சுமார் 266 ரூபாய்க்குக் கிடைப்பதால் அவருக்கு அது பெரிதாகத் தெரியாது. மீதி விலையை மானியமாகக் கட்டும் அரசுக்குத் தெரிய வேண்டும்.

அத்திப்பட்டுக்கே உரிய வேலை ஒன்றும் இந்த நுண்ணுயிர்களுக்கு இருக்கிறது. அனல் மின் நிலையச் சாம்பல். (பொட்டாஷுக்குச் சாம்பல் சத்து என்று பெயர் இருப்பதால் இதுவும் உரம் என்று நினைத்துவிட வேண்டாம்.) அதில் நைட்ரஜன் இல்லை என்றே சொல்லலாம், மட்கும் பொருளும் கிடையாது, காற்றடித்தால் பறக்கும். டெல்லியில் பதர்ப்பூர் அனல் மின் நிலையத்தின் சாம்பல் மேட்டில், வேர் உட்பூசணம் சேர்த்த செடிகளை வளர்த்துப் பச்சையாக்கிக் காட்டியது டெரி நிறுவனம். வேர் பிடித்தால் சாம்பல் பறப்பது குறையும். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலப்பதை இது நிறுத்தாது. அதற்குக் குழாயைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பதர்ப்பூர் நிலையம் 2018-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் 2024 மார்ச்சில் புதிதாக 800 மெகாவாட் அலகு ஒன்று திறக்கப்பட்டது. சாம்பல் இன்னும் பல வருடங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். அங்கே செடி வைக்க யாராவது முன்வந்தால், அந்தப் பூசணமும் உயிரோடு வந்து சேர வேண்டும்.