நாணம் நீங்கும் பொழுது

திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்தும் ஆசிரியர் எவரும் ஓரிடத்தில் சற்று நின்றே செல்வர். நாணம் என்னும் நற்பண்பு குடிப்பவனைக் காண மனமின்றித் திரும்பிக்கொள்ளும் என்று வள்ளுவர் அங்கே எச்சரிக்கிறார். அவர் அதை இழப்பென்றே கருதினார். ஆனால் அந்த நாணம் ஒரு நாழிகையாவது தம்மை விட்டுத் தொலையட்டும் என்பதற்காகவே குடிப்போர் உண்டு. ஆணை விரும்பும் ஆண்களைச் சொல்கிறோம்.

அனுமந்தையிலிருந்து மரக்காணம் வரை நீளும் கரைக்குக் குடி புதிதன்று. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் துணிபு. அலை ஒதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக்கி நுளையர் மகள் காய்ச்சி அரித்த தேறலைப் பரதவர் பாணனுக்குச் சுட்ட மீனோடு கொடுப்பர். (அவ்விறகுக்குப் புலவர் சொல்லும் உவமை உறங்கும் ஒட்டகம், மாணவர்கள் சிரிக்கத் தவறுவதில்லை.) அந்தக் குடியில் மறைவு இல்லை. விருந்தின் பகுதி அது.

அதே கரையில், எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் மாண்டனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் மாண்டவர்களையும் சேர்த்தால் இருபதுக்கும் மேல். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். விற்றவன் யார், மெத்தனால் எங்கிருந்து வந்தது, காவல்துறை என்ன செய்தது என்றெல்லாம் பேசினோம், பேச வேண்டியவைதாம். குடித்தவன் ஏன் குடித்தான் என்ற கேள்விக்கு மட்டும் உடல் அலுப்பு, வறுமை என்று இரண்டு விடைகளை வைத்துக்கொண்டு எழுந்துவிட்டோம்.

உப்பளத்து வேலை உடலை அலுக்கச் செய்வது உண்மை. தையில் தொடங்கி ஐப்பசி மழை பாத்திகளை மூழ்கடிக்கும் வரை, வெள்ளைத் தரை திருப்பி அடிக்கும் வெயிலில், உவர்நீரில் நின்று உப்பு வாருகிறார்கள். பாதம் வெடிக்கிறது, கண் கூசுகிறது. மாலையில் ஆண்கள் கூடிக் குடிக்கிறார்கள். ஓர் ஆண் இன்னோர் ஆணின் தோளில் கைபோட்டு அழவும், கட்டிக்கொள்ளவும், நீயில்லாமல் நானில்லை என்று சொல்லவும் ஊர் அனுமதிக்கும் இடம் அது ஒன்றே. விடிந்ததும், போதையில் ஏதோ உளறினேன் என்றால் போதும், கணக்கு தீர்ந்துவிடும். ஒளிந்து குடிப்பவனை ஊர் நகைக்கும் என்றும் வள்ளுவர் சொல்கிறார். இங்கே ஊரறியக் குடிக்கிறான், குடிக்குள்தான் ஒளிந்துகொள்கிறான்.

ஆகவே இவனிடம் குடியை விடு என்பது சாராயத்தை மட்டும் விடச் சொல்வதன்று. தன் அன்புக்கு அவன் வைத்திருந்த ஒரே சாக்கையும் விடச் சொல்வது. குடிநோய் மருத்துவம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நம் வாதம். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் படிகளுள் ஒன்று, தன் தவறுகளை உள்ளபடி இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்வது. பலரை மீட்ட வழி அது. குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம்மவன் அந்தத் தவறுகளின் பட்டியலில் முதலில் எழுதப்போவது எதை? தன் விருப்பத்தைத்தான். அது தவறன்று என்று சொல்ல எதிரே அமர்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குடி நின்றபின் கண்ணாடி வேறு இருக்கிறது. ஊதிய முகம், தொங்கும் வயிறு, உப்பில் கறுத்த தோல். கைப்பேசியைத் திறந்தால், 2009இல் வந்த கிரைண்டர் போன்ற செயலிகளில் தலையில்லாத மார்புகள் வரிசையாய் நிற்கின்றன. சிவந்த நிறம், முறுக்கேறிய உடல், பெண்மைச் சாயல் கூடாது என்ற நிபந்தனை. ஊர் தள்ளியவனைத் தன் இனமும் எடைபோட்டுத் தள்ளுகிறது. மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை அழகென்று பாடிய மொழி நம்முடையது. அம்மொழியில் பிறந்தவன் தன் படத்துக்கு வெளுப்பேற்றி அனுப்புவதைக் காண்கையில் நமக்குச் சினமே வருகிறது. சினம் அவன் மீதன்று.

உளவியலாளர் இலான் மேயர் 2003இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு சட்டகம் தந்தது. சிறுபான்மையினரின் துயரம் அவர்களின் இயல்பில் பிறப்பதன்று. இழிவை எதிர்பார்த்தும், தன்னை மறைத்தும், ஊரின் வெறுப்பைத் தன் வெறுப்பாகவே விழுங்கியும் வாழ்வதில் பிறப்பது என்றார்.

கூத்தாண்டவர் கோயில் உள்ள கூவாகம் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. திருநங்கையரை, குறைகளோடாயினும், இந்நிலம் பெயர் சொல்லி அறியும். 2008இல் அவர்களுக்கு நலவாரியமும் வந்தது. மீசை வைத்து, மணமுடித்து, பாத்தியில் உப்பு வாரும் தன்பாலீர்ப்பு ஆணுக்கு ஊரில் வசைச்சொற்கள் மட்டுமே உண்டு. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் இருவர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என்றது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார்.

தீர்ப்பு வந்த சாலை அனுமந்தை வரைக்கும் வந்துதான் இருக்கிறது. இனி மாற வேண்டியது சிறிய காரியம். மது மறுவாழ்வு மையத்தில் சேர வருபவனிடம், மனைவியை அழைத்து வா என்று சொல்வதற்கு முன்னால் அவனைத் தனியே அமர்த்தி, யார்மீது அன்பு வைத்திருக்கிறாய் என்று கேட்க வேண்டும். எந்தப் பெயரைச் சொன்னாலும் முகம் மாறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். அதை வீட்டாரிடம் சொல்லக் கூடாது.