மைல்ஸ் கார்டுல முதல்ல எதைப் பாக்கணும்?

"எந்த ஏர்லைன் மைல்ஸ் கார்டு நல்லது டாக்டர்?"னு வெளிநாட்டு நண்பர்கள் கேட்டுட்டே இருக்காங்க. மாத்திரை அட்டையில முதல்ல எதைப் பாப்பீங்க? எக்ஸ்பைரி. இங்கயும் அதேதான்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுசு 3 வருஷம். நடுவுல எத்தனை தடவை பறந்தாலும் பழைய மைலுக்கு ஆயுசு கூடாது. எமிரேட்ஸும் கிட்டத்தட்ட இப்படித்தான். கத்தார் வேற. 36 மாசத்துக்குள்ள ஒரு தடவை ஏவியோஸ் சேத்தாலோ செலவு பண்ணாலோ மொத்தமும் உயிரோட இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வர்ற தோஹா குடும்பத்துக்கு என் ஓட்டு கத்தாருக்குத்தான்.

மாசாமாசம் பறக்குறவங்க கணக்கு வேற. அவங்களுக்கு மைலை விட ஸ்டேட்டஸ் முக்கியம். ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ரெண்டும் ஸ்டார் அலையன்ஸ். எதுல பறந்தாலும் ஒரே நம்பரைக் குடுங்க. ரெண்டு கார்டுல பிரிச்சுப் போட்டா ரெண்டுலயும் கோல்டு எட்டாது.

திருச்சி-சிங்கப்பூர் ஸ்கூட்ல போற பல பேருக்குத் தெரியாத விஷயம், அதுலயும் கிரிஸ்ஃப்ளையர் மைல் ஏறும். ஏஜென்ட் கேக்கமாட்டார் (அவருக்கென்ன வந்தது), நீங்கதான் நம்பரைச் சொல்லணும். மைல் பறக்குறவர் பேர்லதான் ஏறும், காசு கட்டுனவர் பேர்ல இல்ல. அதனால வீட்ல ஆளுக்கொரு நம்பர் வாங்கிடுங்க.

அப்புறம், பெருசா சேத்து வச்சு எடுக்கலாம்னு வருஷக்கணக்கா காத்திருக்காதீங்க. 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நின்னப்ப மக்கள் கையில மைல் இருந்துச்சு, ஏறிப் போக ஜெட் விமானம்தான் இல்ல.