அலைபேசியை அணைக்க விடுப்பு வேண்டும்

கோடை விடுமுறை தொடங்கும் வேளையில் பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரை ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. பிள்ளைகளின் கையிலிருந்து அலைபேசியை வாங்கி வையுங்கள். கடற்கரைக்கோ மலைக்கோ அழைத்துச் சென்று நான்கு நாள்கள் தங்குங்கள் என்கிறார்கள் மருத்துவர்களும் ஆசிரியர்களும். அறிவுரையில் பிழையில்லை. அதைக் கேட்கும் பெற்றோரால் அந்த நான்கு நாள்களை ஒதுக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

கவலைக்குக் காரணம் இல்லாமலில்லை. ஊரகக் குழந்தைகளிடையே 2024-இல் நடத்தப்பட்ட 'அசர்' ஆய்வின்படி, 14 முதல் 16 வயது வரையிலானோரில் 82 சதவீதத்தினருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரியும். அவர்களில் 57 சதவீதத்தினர் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் கல்விக்காக அதைப் பயன்படுத்தியிருந்தனர். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 சதவீதத்தினர். இது நகரத்து வசதி படைத்த வீடுகளின் பிரச்னை மட்டும்தான் என்ற எண்ணத்தை இந்த எண்கள் தகர்த்துவிட்டன.

ஆஸ்திரேலியா இதற்குச் சட்டத்தால் விடை காண முயல்கிறது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்களின் மீது சுமத்தும் சட்டம் அங்கு 2025 டிசம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் விதிக்கலாம். தென்கோளத்தின் கோடை விடுமுறை தொடங்கும் நேரம் அது. கூடாரத்தோடு குடும்பங்கள் கடலோரம் நோக்கிக் கிளம்பும் பருவம். அச்சட்டத்தைப் பற்றி நம் ஊரில் விரிவாகப் பேசப்பட்டது. ஆனால், அதற்கு ஓராண்டுக்கும் முன்பே, 2024 ஆகஸ்டில், அதே நாட்டில் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம் இங்கே போதிய கவனம் பெறவில்லை. பணி நேரத்துக்குப் பிறகு மேலதிகாரி அழைத்தால், நியாயமான காரணமின்றி அதை ஏற்கத் தேவையில்லை என்ற உரிமையை ஊழியருக்கு அது தந்தது. என் பார்வையில், இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிள்ளையின் அலைபேசியைப் பிடுங்கும் தந்தையின் சட்டைப்பையில் அலுவலகத்தின் வாட்ஸ்ஆப் குழு ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்குமானால், அந்த விடுமுறையைப் பிள்ளை எப்படி நம்பும்?

இந்தியாவில் இத்தகைய உரிமையைக் கோரும் தனிநபர் மசோதாவை சுப்ரியா சுலே 2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகப்படுத்தினார். சுதந்திர இந்தியாவில் நிறைவேறிய தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். எனவே, அதிகம் எதிர்பார்ப்பதற்கில்லை.

விடுப்பு கிடைப்பவர்களின் சங்கடம் இது. விடுப்பே இல்லாதவர்களின் நிலை வேறு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள், ஓராண்டில் 180 நாள்கள் பணியாற்றியவருக்கு 20 நாள்களுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஊதியத்துடன் கூடிய விடுப்பை உறுதி செய்கின்றன. முன்பு இதற்கு 240 நாள்கள் வேண்டியிருந்தது. முன்னேற்றம்தான், ஆனால், பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் இடங்களுக்கு இது எட்டாது. தேநீர்க் கடையிலும் பட்டறையிலும் உழைப்பவருக்குக் கோடை விடுமுறை என்பது பிள்ளைகள் வீட்டில் தனியாக இருக்கும் இரண்டு மாதங்கள். அந்தத் தனிமையில் அலைபேசிதான் காவலாள்.

குடும்பத்தோடு கடலோரம் செல்வது மேலைநாட்டுப் பண்பாட்டின் இயல்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது சட்டத்தால் விளைந்தது. பிரான்சில் 1936-இல் ஆட்சிக்கு வந்த மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுப்பு வழங்கியது. அவ்வரசில் பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பேற்றிருந்த லியோ லக்ராஞ்ச், ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி பெற்றுத் தந்தார். வாழ்வில் முதன்முறையாகக் கடலைக் கண்ட தொழிலாளர்கள் அந்தக் கோடையில் ஏராளம். விடுப்பு, பயணச்சீட்டு, தங்குமிடம் என்ற மூன்றையும் அரசு ஒருசேர யோசித்தது.

நம்மிடம் கடல் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கரை. கடற்கரை போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு வெறும் அறங்காவலரே, அவை மக்களுக்குரியவை என்ற கோட்பாட்டை கமல்நாத் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டு ஏறத்தாழ 30 ஆண்டுகளாகின்றன. ஆயினும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர் கண்ணில் கடலுக்கு முன்னதாகப் படுவது விடுதிகளின் மதில்கள். மதிலுக்கு இப்புறம் இருப்போருக்கு நிழலில்லை, உடை மாற்ற இடமில்லை, கழிப்பறை இல்லை. நான் பார்த்தவரை, எளிய குடும்பங்கள் கடற்கரையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காததற்குக் காரணம் சலிப்பன்று. அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வரும் பெண்கள் எவ்வளவு நேரம்தான் வெயிலில் அமர்ந்திருப்பார்கள்? 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் போன்ற இடங்கள் வேறு வழி உண்டு என்று காட்டியிருக்கின்றன. ஆனால், அவை விதிவிலக்குகளாகவே நிற்கின்றன.

இரவு தங்குவது இன்னும் கடினம். நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்கிய திறந்தவெளியில் எவரும் இரண்டு நாள்கள் வரை கூடாரமிடலாம். இங்கே அப்படியே அதைப் பெயர்த்து நடுவதற்கில்லை. 2018-இல் குரங்கணிக் காட்டுத் தீ இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதை மறந்துவிட்டு மலையில் கூடாரம் போடச் சொல்ல முடியாது. அதன்பின் கட்டுப்பாடுகள் இறுகின. 2024-இல் 40 வழித்தடங்களில் வழிகாட்டியுடன் மலையேற்றத் திட்டத்தை அரசு தொடங்கியது. அதற்கும் திரையில்தான் முன்பதிவு செய்ய வேண்டும் என்பது வேறு கதை.

கடற்கரையில் இரவைக் கழிப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. பௌர்ணமி இரவில் திருச்செந்தூர்க் கடற்கரை மணலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்களைப் பாருங்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் கட்டுச்சோற்றுடன் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். குழந்தைகள் தொலைந்துபோகாதிருக்கக் காவல்துறையினர் அவர்கள் கையில் அடையாளப் பட்டை கட்டுகிறார்கள். திருவிழாவென்றால் பேருந்தும் விளக்கும் காவலும் வந்துவிடுகின்றன. வெறுமனே ஓய்வுக்காக வரும் குடும்பத்துக்கு அவ்வளவு வேண்டாம்; அதில் பத்தில் ஒரு பங்காவது மே மாதத்தில் பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் கிடைக்கக் கூடாதா?

அங்கே முதலில் கேட்க வேண்டியது மீனவர்களைத்தான். அந்த மணல் அவர்களுக்கு வலை உலர்த்தும் களம், படகு நிறுத்தும் துறை. எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும், எந்த மாதத்தில் அலை ஏமாற்றும் என்பதும் அவர்களுக்கே தெரியும். அவ்வூர் இளைஞர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி அளித்து, விடுமுறை மாதங்களில் முறையான ஊதியத்துடன் கரையில் நிறுத்துவதற்குச் சட்டம் எதையும் திருத்த வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் ஒருவர் முன்வந்தால் வரும் கோடையிலேயே தொடங்கலாம்.