மலைக்கு ஓடியவர்களின் மசாலா

சகோதரிகளே, இம்மாதம் சமையல் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். பூண்டுலோயாவில் எமது மாதர் சங்கக் கூட்டத்தில், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த அக்கா ஒருவர், "மிஸ், நான் வேலை செஞ்ச வீட்டுல போத்தல்ல ஒரு மசாலா வச்சிருப்பாங்க. கோழிக்குப் பூசி ஊறவச்சி சுட்டுக் குடுப்பேன். அப்பிடி ஒரு ஒறைப்பு. அத நம்ம வீட்டுல செய்ய ஏலுமா?" என்று கேட்டார். போத்தலில் என்ன பெயர் இருந்தது என்று விசாரித்தபோது, அது ஜமெய்க்கா நாட்டு 'ஜேர்க்' மசாலா என்று விளங்கியது.

செய்ய ஏலும். வேண்டிய சாமான்களில் அநேகமானவை லயத்து வாசலிலும் ஞாயிற்றுச் சந்தையிலும் கிடைப்பவைதான். ஆனால் இந்த மசாலாவை உண்டாக்கியவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேற்கிந்தியத் தீவுகள் என்றால் எமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அத்தீவுகளில் ஒன்றான ஜமெய்க்காவை ஆங்கிலேயர் 1655 இல் ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினார்கள். அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்குவதற்காக ஆபிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். தோட்டங்களிலிருந்து தப்பியவர்கள் உள்மலைக் காடுகளுக்குள் ஓடி, அங்கேயே ஊர் அமைத்து வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மரூன்கள் என்று பெயர். பல வருடங்கள் போரிட்டும் அவர்களை அடக்க முடியாத ஆங்கில ஆட்சி, 1739 இல் அவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அவர்களுடைய தலைவர்களில் நானி என்ற பெண்ணும் ஒருவர். இன்று அவர் ஜமெய்க்காவின் தேசிய வீராங்கனை. அந்நாட்டு 500 டொலர் நோட்டில் அவருடைய உருவம் இருக்கிறது.

மலையில் ஒளிந்திருந்த இந்த மக்கள், காட்டுப்பன்றி இறைச்சி சீக்கிரம் கெடாமலிருக்க உப்பும் மிளகாயும் காட்டில் கிடைத்த வாசனைக் காயும் பூசி வைத்தார்கள். பிறகு குழி தோண்டி, தணல் போட்டு, மூடி வைத்து மெதுவாக வேகவிட்டார்கள். புகை மேலே எழுந்தால் படையினர் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் குழிக்குள் சமைத்தார்கள் என்று சொல்வார்கள். புகைக்குப் பயந்து அடுப்பு மூட்டுவது எப்படி இருக்கும் என்பதை இந்தப் பக்கத்தை வாசிக்கும் வன்னிச் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கோழிக்கு இந்த மசாலா வந்தது பிற்காலத்தில்.

1845 முதல் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஜமெய்க்காவுக்குக் கப்பலேற்றினார்கள். எங்கள் பாட்டன் பூட்டன்மார் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த அதே காலம். ஆட்டிறைச்சிக் கறி இன்று அங்கே விருந்துச் சாப்பாடாக இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

இனி மசாலாவுக்கு வருவோம். ஜமெய்க்காவில் இதற்குப் போடும் மிளகாய், எங்கள் பக்கத்து நைமிரிஸின் இனம். இரண்டுக்கும் அதே சுரீரென்ற உறைப்பும் பழ வாசனையும் உண்டு. நைமிரிஸ் கிடைக்காத ஊர்களில் கொச்சிக்காய் போதும். அவர்களுடைய வாசனைக் காயான ஆல்ஸ்பைஸ் தோட்டத்துக் கடைகளில் கிடைக்காது. அதைத் தேடி அலைய வேண்டாம். கராம்பிலும் அதிலும் உள்ள முக்கியமான வாசனை எண்ணெய் ஒன்றேதான். ஆகவே கராம்போடு கறுவாவும் சாதிக்காயும் மிளகும் சேர்த்தால் அந்த மணம் ஏறக்குறைய வந்துவிடும். அடுத்தது தைம் என்ற இலை. இதற்குப் பதிலாக, பிள்ளைகளின் சளிக்குச் சாறு பிழிந்து கொடுக்கும் கற்பூரவள்ளியைப் போடலாம். இது நானாகச் சொல்லும் மாற்று அல்ல. கரீபியன் தீவுகளிலேயே பல வீடுகளில் கற்பூரவள்ளியைப் பெரிய இலைத் தைம் என்று சொல்லிச் சமையலுக்குப் போடுகிறார்கள். அதுவும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை ஓமம் போதும்.

எலும்போடு 1 கிலோ கோழிக்கு அளவு சொல்கிறேன். நைமிரிஸ் 2 அல்லது கொச்சிக்காய் 8, சின்ன வெங்காயம் 8, வெங்காயத்தாள் ஒரு சிறு பிடி, பூண்டு 6 பல், பெருவிரல் அளவு இஞ்சி, கற்பூரவள்ளி இலை 5. வெங்காயத்தாளுக்குப் பதிலாக லீக்ஸின் பச்சைப் பகுதியையும் போடலாம். சந்தையில் வெட்டி எறியும் பகுதி அது, கேட்டால் சும்மாவே தருவார்கள். கராம்பு 5, சுண்டுவிரல் நீளக் கறுவா, மிளகு 1 தேக்கரண்டி ஆகியவற்றை வெறும் சட்டியில் இலேசாகச் சூடு காட்டிப் பொடித்து, சாதிக்காய் கால் தேக்கரண்டி அளவுக்குச் சுரண்டிப் போடுங்கள். உப்பு 2 தேக்கரண்டி, சீனி அல்லது கருப்பட்டி 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, 2 தேசிக்காயின் சாறு. எல்லாவற்றையும் அம்மியில் மைய அரைத்தெடுங்கள். சோயா சோஸ் இருந்தால் 1 மேசைக்கரண்டி சேர்த்து உப்பைக் குறையுங்கள். இல்லாவிட்டாலும் குறையொன்றுமில்லை.

அரைக்கும்போது கைகளைக் கவனியுங்கள். கொழுந்து பறித்து வெடித்த விரல்களில் நைமிரிஸ் பட்டால் இரவெல்லாம் எரியும். கையில் ஷொப்பிங் பையைக் கட்டிக்கொள்ளலாம். பட்டுவிட்டால் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, ஏனென்றால் உறைப்பு தண்ணீரில் கரையாது. முதலில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டு, பிறகு சவர்க்காரம் போடுங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் அரைக்கும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கோழித் துண்டுகளில் எலும்பு தெரியும்வரை கத்தியால் கீறிவிட்டு, கீறலுக்குள்ளும் தோலுக்கடியிலும் மசாலாவை அழுத்துங்கள். இறைச்சிக்குள் ஆழமாக இறங்குவது உப்புதான். மற்றவை மேலோடு நின்றுவிடும் என்பதால் கீறாமல் ஊறவைப்பதில் அர்த்தமில்லை. எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "இங்க குளிருதானே மிஸ், ராவெல்லாம் வச்சா கெடாது" என்பார்கள். பூண்டுலோயாக் குளிர் எமக்குத்தான் குளிர், கிருமிக்கு அது போதாது. தேசிக்காயும் மிளகாயும் பச்சை இறைச்சியைக் காப்பாற்றாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மூடி வைத்து 1 மணித்தியாலம், மிஞ்சினால் 2 மணித்தியாலம். அதற்குமேல் வேண்டாம். பெட்டி உள்ளவர்கள் இரவு முழுவதும் வைக்கலாம், ஆனால் தேசிக்காயைப் பாதியாகக் குறைக்க வேண்டும். புளிப்பு அதிக நேரம் பட்டால் இறைச்சியின் மேற்பகுதி மாவாகிவிடும். பச்சைக் கோழியில் பட்ட மசாலா மிச்சமிருந்தால் எடுத்து வைக்காதீர்கள், சட்டியிலேயே ஊற்றிக் கொதிக்க விடுங்கள்.

வெதுப்பி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அடிகனத்த சட்டியில் எண்ணெய் தடவி, துண்டுகளை அடுக்கி, மூடி, மெல்லிய நெருப்பில் 40 நிமிடம் வேகவிடுங்கள். எலும்போரம் குத்தினால் வரும் சாறு சிவப்பில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். முட்டையிட்டு ஓய்ந்த கோழி மலிவு, ஆனால் இறைச்சி முறுக்கு. அதற்கு ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும். பிறகு தணலில் கம்பி வலை வைத்து 5 நிமிடம் வாட்டினால் மணம் தனி. ஜமெய்க்காவில் ஆல்ஸ்பைஸ் மரத்துக் கட்டையில்தான் வாட்டுவார்கள். கொய்யாவும் அதே குடும்பத்து மரம் என்பதால் ஒரு கொய்யாக் கிளையைத் தணலில் போடலாம். கவ்வாத்து மிலாறு தணலுக்கு நல்லது. டர்பன்டைன் விறகு வேண்டாம், அதன் எண்ணெய் வாடை இறைச்சியில் ஏறிவிடும்.

தணலில் வாட்டுவது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெருப்பில் இறைச்சி கருகும் மணத்தைத் தாங்க முடியாத பெண்களை என் வேலையில் சந்திக்கிறேன். ஷெல் விழுந்த இடங்களில் இருந்தவர்களும், 1983 இல் வீடும் கடையும் எரிந்ததைப் பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. "இத்தனை வருசமாச்சு, இன்னுமா?" என்று வீட்டாரே கேட்கிறார்கள். மணம் நினைவை நேராகப் போய்த் தொடும். அதில் பிடிவாதமோ நடிப்போ கிடையாது, வருடக் கணக்கும் அதற்குத் தெரியாது. உங்கள் வீட்டிலோ பக்கத்துக் காம்பராவிலோ அப்படி ஒருவர் இருந்தால் கம்பி வலையை எடுக்காதீர்கள், சட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகை இல்லாததால் சுவை கொஞ்சம் மாறும், கெடாது. அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால், வாட்ட வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காரணத்தை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய கடமை இல்லை.

கோழி வாங்க வசதியில்லாத மாதத்தில் இதே மசாலாவை ஈரப்பலாக்காய்த் துண்டுகளில் பூசி வேகவையுங்கள். அடிமைகளுக்கு மலிவான சாப்பாடாக 1793 இல் ஜமெய்க்காவுக்குக் கப்பலில் கொண்டுபோன காய் அது. இன்று அங்கே ஜேர்க் கோழிக்குப் பக்கத்தில் அதையும் சுட்டு வைக்கிறார்கள். எங்களுக்கு ரொட்டி போதும். மசாலா கடுமையானதால் சிறு துண்டு இறைச்சிக்கே இரண்டு ரொட்டி இறங்கும், அரைக் கோழியில் ஆறு பேர் சாப்பிடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் மிளகாய் சேர்க்குமுன் இரண்டு கரண்டி மசாலாவை வேறாக எடுத்து வைத்துவிடுங்கள்.