சோற்றை மருந்தாக்கிய டாக்டர்

கேள்வி: "அப்பாவுக்கு 62 வயது. நாலு வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தார். அமெரிக்காவில் ஒரு டாக்டர் வெறும் சோறும் பழமும் கொடுத்தே பிரஷரைக் குறைத்தார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு, பத்து நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று வேளையும் சோறு, வாழைப்பழம். தொட்டுக்கொள்ள ஊறுகாய் மட்டும். 'நம்ம நெல்லுதான் நமக்கு மருந்து' என்கிறார். அப்படி ஒரு டாக்டர் இருந்தது உண்மையா? அப்பா செய்வது சரியா?"

- திருவாரூர் மாவட்ட வாசகி

பதில்: அப்படி ஒரு டாக்டர் இருந்தது உண்மை. அப்பா செய்வது சரியில்லை. அந்த டாக்டரின் கதையைப் படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவை இன்றே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் பிரஷர் பாருங்கள். மாத்திரையை நிறுத்தி பத்து நாளாகிவிட்டதையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பி வந்து மீதியைப் படிக்கலாம்.

பெர்லினிலிருந்து வந்தவர்

அந்த டாக்டரின் பெயர் வால்டர் கெம்ப்னர். 1903-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா லிடியா ரபினோவிச், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கிடம் வேலை பார்த்த விஞ்ஞானி. மாட்டுப் பாலிலும் வெண்ணெயிலும் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று ஆராய்ந்தவர். பெர்லினில் பேராசிரியர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். அது 1912-ல்.

மகனும் டாக்டருக்குப் படித்து, நோபல் பரிசு பெற்ற ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். உடம்பின் செல்கள் எப்படி மூச்சு விடுகின்றன, எப்படிக் கழிவை உண்டாக்குகின்றன என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூத வம்சாவளியில் வந்தவர்களுக்கு ஜெர்மனியில் வேலையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்றாகிவிட்டது. 1934-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் கெம்ப்னரை அழைத்துக்கொண்டது. அது இருக்கும் ஊர் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம். அந்தக் காலத்தில் புகையிலைக்குப் பேர்போன ஊர்.

அன்று மருந்தில்லாத நோய்

அப்போது பிரஷருக்கு நல்ல மருந்தே கிடையாது. தூக்க மருந்து கொடுப்பார்கள். சிலருக்கு முதுகுப் பக்கம் அறுத்து நரம்புகளை வெட்டிவிடுவார்கள். பிரஷர் மிகவும் முற்றி, கண் மங்கி, கிட்னி பழுதான நோயாளிகள் பெரும்பாலும் சில மாதங்களில் இறந்துபோவார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். அன்று அவருடைய பிரஷர் 300-ஐத் தாண்டியிருந்தது. நாட்டின் ஜனாதிபதிக்கே கொடுப்பதற்கு மாத்திரை இல்லாத காலம் அது.

கெம்ப்னர் வேறு விதமாக யோசித்தார். 'கிட்னி களைத்துப் போயிருக்கிறது. உப்பையும் புரதக் கழிவையும் வெளியே தள்ளுவதுதான் அதற்குப் பெரிய வேலை. அந்த வேலையைக் குறைத்துக் கொடுத்தால் என்ன?' என்பது அவருடைய கணக்கு. உப்பும் கொழுப்பும் மிகக் குறைவாக, புரதம் கொஞ்சமாக இருக்கும் ஒரு தானியம் தேவைப்பட்டது. அரிசியைத் தேர்ந்தெடுத்தார். 1939-ல் அரிசி வைத்தியம் தொடங்கியது.

ஒரு நாளைக்கு 250 முதல் 350 கிராம் அரிசி. உப்பு, பால், எண்ணெய் எதுவும் சேராமல் வடித்த சோறு. கூடவே பழம், பழச்சாறு, வெள்ளைச் சர்க்கரை. வைட்டமின், இரும்புச்சத்து மாத்திரை. அவ்வளவுதான். அரிசியில் இந்த ரகம், அந்த ரகம் என்று அவர் வித்தியாசம் பார்க்கவில்லை. ஒரு நாள் புரதம் சுமார் 20 கிராம். சோடியம் 150 மில்லிகிராமுக்குள். இந்தக் கடைசிக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் இரண்டு மாதமானது

இவ்வளவு கடுமையான பத்தியத்தை நீண்ட நாள் கொடுக்க கெம்ப்னருக்கே தயக்கம் இருந்தது. சில நாள், சில வாரம்தான் கொடுத்துப் பார்த்தார். 1942-ல் 33 வயதுப் பெண் ஒருவர் வந்தார். கிட்னி நோய், கண்ணின் உட்பக்கம் ரத்தக் கசிவு, பிரஷர் 190/120. பத்தியத்தைச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை தூக்கலாக இருக்கும். அந்தப் பெண் தவறாகப் புரிந்துகொண்டு, இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார். அதுவரை சோறும் பழமும்தான்.

என்ன ஆகியிருக்குமோ என்று பயந்தபடி கெம்ப்னர் சோதித்துப் பார்த்தார். பிரஷர் 124/84. கண்ணில் இருந்த ரத்தக் கசிவு மறைந்துவிட்டது. வீங்கியிருந்த இதயம் எக்ஸ்ரேயில் சிறியதாகத் தெரிந்தது. அதன் பிறகுதான் மாதக்கணக்கில் பத்தியம் கொடுக்கத் துணிந்தார்.

1944-ல் சிகாகோவில் நடந்த மருத்துவர்கள் கூட்டத்தில் இந்தப் படங்களைக் காட்டினார். பலர் நம்பவில்லை. படத்தை மாற்றி வைத்திருப்பார் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பத்தியம் கொடுத்த ஒரு கூட்டத்தையும் கொடுக்காத ஒரு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்து அவர் ஒப்பிடவில்லை. உரம் போட்ட வயலை மட்டும் காட்டி, போடாத வயலைக் காட்டாமல் 'என் உரம்தான் காரணம்' என்றால், ஒரு விவசாயியே ஒப்புக்கொள்ள மாட்டார். சாகப்போகிறவர்களை வைத்தியம் கொடுக்காமல் வேடிக்கை பார்க்க முடியாது என்பது கெம்ப்னரின் பதில்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தோற்றதையும் அவர் மறைக்கவில்லை. 1948-ல் 500 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்னேற்றம், மற்றவர்களுக்கு இல்லை என்று அதிலேயே இருந்தது.

வேலை செய்தது எது?

1950-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்திலும் லண்டனிலும் மற்ற மருத்துவர்கள் இதே பத்தியத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரஷர் குறைந்தது. ஆக, கெம்ப்னர் படத்தை மாற்றவில்லை. ஆனால் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அதே சோறு, அதே பழம், கூட உப்பை மட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். குறைந்த பிரஷர் திரும்பவும் ஏறியது.

விஷயம் இதுதான். பிரஷரை இறக்கியது சோற்றில் இருந்த ஏதோ ஒரு பொருள் இல்லை. சோற்றோடு சேராமல் விட்ட உப்பு.

இப்போது அப்பாவின் தட்டைப் பாருங்கள். சோறும் வாழைப்பழமும் சரி. தொட்டுக்கொள்ள ஊறுகாய்! ஒரு டீஸ்பூன் உப்பில் சுமார் 2,000 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. கெம்ப்னர் ஒரு நாள் முழுவதற்கும் அனுமதித்தது 150. ஒரு ஸ்பூன் ஊறுகாயிலேயே அது தாண்டிவிடும். அந்த டாக்டர் எதை விலக்கினாரோ அதை அப்பா வைத்துக்கொண்டார். மாத்திரையை விலக்கிவிட்டார்.

பிரம்பு எடுத்த கை

இந்தப் பத்தியம் ஏன் பரவவில்லை? உப்பில்லாத சோற்றை மாதக்கணக்கில் தின்ன மனிதரால் முடியவில்லை. கெம்ப்னரின் நோயாளிகள் டர்ஹாமிலேயே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கினார்கள். 'அரிசி வீடு' என்று பெயர் பெற்ற இடத்தில் சாப்பிட்டார்கள். அடிக்கடி பிரஷர், ரத்தம், சிறுநீர் சோதனை. வெளியே போய் உப்பு தின்றால் சிறுநீர் காட்டிக்கொடுத்துவிடும்.

1950-களின் கடைசியில் புதிய மாத்திரைகள் வந்தன. உப்பைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுபவை. கெம்ப்னர் பத்தியத்தால் செய்த வேலையை, தினம் ஒரு மாத்திரை செய்யத் தொடங்கியது. இன்றும் பிரஷருக்குக் கொடுக்கும் முக்கியமான மாத்திரைகளில் அந்த வகையும் ஒன்று. 'மாத்திரை வேறு, கெம்ப்னர் வைத்தியம் வேறு' என்று எதிரெதிராக நிறுத்துவதே தவறு.

பிறகு அவர் உடல் பருமன், சர்க்கரை நோய்ப் பக்கம் திரும்பினார். மிகப் பருமனான 106 பேர் சராசரியாகச் சுமார் 64 கிலோ எடை குறைந்ததை 1975-ல் வெளியிட்டார். ஆனால் கட்டுப்பாடு கடுமையாகிக்கொண்டே போனது. 1993-ல் முன்னாள் நோயாளியான ஒரு பெண் அவர்மீது வழக்குத் தொடுத்தார். பத்தியத்தை மீறிய நோயாளிகளை அடித்ததுண்டு என்று கெம்ப்னரே ஒப்புக்கொண்டார். எத்தனை உயிரைக் காப்பாற்றியிருந்தாலும், நோயாளியை அடிக்க எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை. அந்தக் கறையும் அவர் கதையில் சேர்ந்ததுதான்.

1997-ல், 94 வயதில் இறந்தார். அதே வருஷம் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் நிறைந்த சாதாரணச் சாப்பாடே பிரஷரைக் குறைக்கும் என்று அதில் தெரிந்தது. 2001-ல் வந்த அடுத்த ஆய்வில், அதோடு உப்பையும் குறைத்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது என்று உறுதியானது. இதற்கு அரிசி வீடும் வேண்டாம், பிரம்பும் வேண்டாம்.

நம் வீட்டில் செய்யக்கூடியது

* மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. பிரஷர் ஏறுவது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று இருப்பவருக்குத்தான் ஒரு நாள் திடீரென்று பக்கவாதம் வருகிறது. உப்பும் எடையும் குறைந்து, பிரஷர் தொடர்ந்து சரியாக இருந்தால், மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். குறைப்பதை அவர் செய்யட்டும்.

* உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு. ஒரு டீஸ்பூன்தான். சோறு வடிக்கும்போது உப்பு போடுவதையும், இலையில் தனியாக உப்பு வைப்பதையும் முதலில் நிறுத்தலாம். அப்புறம் ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், வற்றல், பாக்கெட் மிக்சர். ஒரேயடியாக வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

* இந்துப்பும் உப்புதான். அதிலும் சோடியம்தான் பிரதானம். பிரஷருக்கு நல்லது என்று நம்பி அள்ளிப் போடாதீர்கள்.

* கெம்ப்னர் பத்தியத்தை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். வெயிலில் வேர்க்க விறுவிறுக்க உழைப்பவர் உப்பை அடியோடு விட்டால் மயங்கி விழலாம். சர்க்கரை நோயாளிக்கு வெள்ளைச் சோறும் சர்க்கரையும் பழச்சாறும் ஆபத்து. கிட்னி பழுதானவர்களுக்கும், சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும், வாழைப்பழம், இளநீர், 'சோடியம் குறைந்த உப்பு' ஆகியவற்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். அது இதயத்தையே நிறுத்தும் அளவுக்குப் போகும். டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

* 'இது பிரஷரைக் குணமாக்கும் அரிசி' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நீங்களும் அப்படிச் சொல்லி விற்காதீர்கள். நல்ல அரிசியை நல்ல அரிசி என்று சொல்லி விற்றாலே போதும்.

* வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் மரத்துத் தொங்குவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

மாத்திரை வாங்கப் போக அலைச்சல் என்பதும் அப்பா நிறுத்தியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். காசு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

அப்பாவிடம் சண்டை போட வேண்டாம். நெல்லின் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையைக் கேலி செய்யவும் வேண்டாம். அந்த டாக்டர் உண்மை, அந்தச் சோறும் உண்மை என்று சொல்லுங்கள். அவர் சோறு போட்டார், உப்பை எடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். சோறு அப்படியே இருக்கட்டும். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போகட்டும். மாத்திரை அலமாரிக்குத் திரும்பி வரட்டும்.