ஆலையும் சாலையும்



ஆலைகளை ஒரு நாட்டின் கைகள் என்றால், சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் துறைமுகங்களையும் அதன் கால்கள் எனலாம். கை ஆக்கியதைக் கால் சுமந்து செல்லாவிடில் உழைப்பு வீணாகும். சுமந்து செல்லப் பண்டம் இல்லாவிடில் காலுக்கும் பயனில்லை. நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இவ்விரண்டும் விரைந்து வளரப்போகின்றன என்னும் பேச்சை இன்று எங்கும் கேட்கிறோம். நான்குவழிச் சாலை, புதுப்பித்த துறைமுகம், புதிய தொழிற்பேட்டை எனச் செய்திகள் வந்தவண்ணம் உள்ளன.

இது வல்லுநர்களும் அமைச்சர்களும் மட்டுமே பேச வேண்டிய பொருள் என்று நம் குடும்பங்கள் ஒதுங்கியிருத்தல் கூடாது. படித்து முடித்த மகன் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட, முதிய பெற்றோர் அவனது தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் எத்தனை! அம்மகனுக்குச் சொந்த ஊரிலேயே தகுந்த வேலை கிடைக்குமா? கிடைத்தால், அவன் பிள்ளைகள் நல்ல காற்றும் நல்ல நீரும் பெற்று வளர்வார்களா? இவையே நம்முன் நிற்கும் கேள்விகள். விடை காணுமுன், இம்மண்ணில் முன்பு நடந்தவற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

பரங்கிப்பேட்டை கற்பித்த பாடம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது பரங்கிப்பேட்டை. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்கிய முதல் ஆலைகளுள் ஒன்று, 1830-ஆம் ஆண்டு வாக்கில் அவ்வூரில்தான் எழுந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அதனை நிறுவினார். சேலத்து இரும்புத் தாது பரிசல்களில் ஏற்றப்பட்டு ஆற்றுவழியே வந்தது. உலையை எரிக்க மரக்கரி வேண்டியிருந்தது. அதற்காகத் தொலைதூரக் காடுகளும் வெட்டப்பட்டன. வார்த்தெடுத்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது.

இரும்பு தரமானதே. ஆயினும் ஆலை நிலைக்கவில்லை. தாது ஒரு திசையில், கரி மற்றொரு திசையில், வாங்குவோரோ கடலுக்கு அப்பால். காடு அருகியபோது கரியின் விலை ஏறியது. ஆற்றில் நீர் வற்றிய மாதங்களில் பரிசல் ஓடவில்லை. கம்பெனி கைமாறியது, 1853-இல் புதிய கம்பெனியும் அமைக்கப்பட்டது. எனினும் 1860-களில் உலை அணைந்தது. மூலதனம் போட்டவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். உலையை நம்பியிருந்த உள்ளூர்த் தொழிலாளர் எங்கே போவர்?

நம் காலத்திலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்தது. கடலூருக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டி மாபெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று எழுந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் இயங்கி ஓய்ந்த ஆலையொன்றின் தளவாடங்களைப் பெயர்த்துக் கொணர்ந்து இங்கே நிறுத்தினார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கரை கடந்தது. ஒரே நாளில் பணிகள் சிதைந்தன. கடன்சுமை அழுத்த, ஆலை முற்றுப்பெறாமலே நின்றது. பின்னர் அங்கிருந்து இரும்புப் பொருள்கள் திருட்டுப்போன செய்திகளைத்தான் நாளேடுகளில் படித்தோம். அதை நம்பி நிலத்தை விட்டுக்கொடுத்த குடும்பங்களின் ஏமாற்றத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி. பாடம் ஒன்றே. மூலப்பொருளும் முதலும் சந்தையும் தொலைவிலிருக்க, இடம் மட்டும் நம்முடையதாயிருக்கும் தொழில், தொலைவில் ஏதேனும் தடுமாற்றம் நேர்ந்தால் இங்கே விழுந்துவிடுகிறது.

நெய்வேலியும் குடிகாடும்

மண்ணிலேயே வேரூன்றிய தொழிலுக்கு நெய்வேலியை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் தலைநிமிர்ந்தன. பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்ட நகரியம் உருவாயிற்று. இந்நன்மையை மறுப்பது நன்றியன்று.

ஆயின் அதற்கும் ஒரு விலை உண்டு. சுரங்கத்தின் அடியில் பொங்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் நிலக்கரி வெட்ட முடியும். 2020-ஆம் ஆண்டு மே, ஜூலை ஆகிய இரு மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். 2023 ஜூலையில் வளையமாதேவியில், வாய்க்கால் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிர்மீது இயந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலம் முன்னரே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். கதிர் முற்றும்வரை பொறுத்திருக்கலாகாதா என்று கேட்டனர் உழவர். சட்டத்தில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, பச்சைப் பயிர் மடிவதைக் கண்டு உழவர் மனம் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் வரலாறு இதனினும் கசப்பானது. 1980-களில், உப்பனாற்றங்கரையில், குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் முதலிய ஊர்களின் நடுவே இரசாயன ஆலைகள் எழுந்தன. அதே பத்தாண்டில்தான், 1984 டிசம்பரில், போபால் நகரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உலகையே உலுக்கிய அவ்வெச்சரிக்கை நம் ஆற்றங்கரையை எட்டவில்லை போலும்! உப்பனாற்றில் மீன் குறைந்தது என்றனர் மீனவர். கிணற்று நீர் கெட்டது என்றனர் தாய்மார். இரவில் வீசும் நாற்றத்தால் மூச்சு முட்டுகிறது என்றனர் முதியோர். 2021 மே மாதத்தில் பூச்சிமருந்து ஆலையொன்றில் நேர்ந்த விபத்து நான்கு உயிர்களைப் பறித்தது.

இங்கே ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். 2004-ஆம் ஆண்டு முதல் அவ்வூர் மக்களுள் சிலர் தாங்களே காவலர்களாயினர். எந்த நாள், எந்த மணி, எந்த ஆலையின் அருகே, எத்தகைய நாற்றம் என்று ஏட்டில் குறித்தனர். மூடிய வாளிக்குள் பை ஒன்றைப் பொருத்தி, காற்றை அதில் பிடித்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். அதுவரை 'நாறுகிறது' என்று வெறும் முறையீடாயிருந்தது, இன்ன நச்சுப்பொருள் இவ்வளவு என்று சான்றாக மாறியது. உயர்கல்வி பெற்றவர்களல்லர் அவர்கள், எளிய கிராமத்தினர். மனமிருந்தால் சாதாரணக் குடும்பங்களாலும் பெரிய ஆலைகளைக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

முந்திரி மரமும் காலணியும்

இன்று நம் முன்னுள்ள சோதனை புதியது. பெரம்பலூர் போன்ற அண்டை மாவட்டங்களில் தோல் சாராத காலணி செய்யும் ஆலைகள் வந்துள்ளன. அவற்றில் வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்கள். மாதந்தோறும் ஒழுங்காக ஊதியம் பெறும் மகள், வீட்டில் மதிப்புப் பெறுகிறாள்; கடன்காரன் வாயிலில் நிற்பதும் குறைகிறது. நம் மாவட்டத்துக்கும் அத்தொழில் வருவதை நாம் வெறுக்க வேண்டியதில்லை.

ஆனால் 2025-இல் கடலூரை அடுத்த மலையடிக்குப்பத்தில் நடந்ததைப் பாருங்கள். காலணித் தொழிற்சாலைக்கென்று முந்திரி மரங்கள் அகற்றப்பட்டன. அரசுக்குரிய நிலம் என்றனர் அதிகாரிகள். தலைமுறை தலைமுறையாக நாங்கள் வளர்த்த மரங்கள் என்றனர் மக்கள். முந்திரியும் பெண்களுக்கு வேலை தரும் தொழில்தான் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். கொட்டை பொறுக்குவதும், உடைப்பதும், தோல் நீக்கித் தரம் பிரிப்பதும் அவர்களே. ஆயிரம் பெண்களுக்கு வேலை தர, நூறு பெண்களின் வேலையைப் பறிப்பது எந்தக் கணக்கு? தரிசு நிலமே இல்லாத மாவட்டமா இது? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியவன் கதையாக இது முடிதல் ஆகாது.

பண்ணுருட்டி முந்திரிக்கும் பலாவுக்கும் 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. இப்பெருமையைப் பணமாக்குவது எப்படி? பண்ணுருட்டியில் உடைபடும் கொட்டையில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, லாரியில் நம் ஊருக்கு வருகிறது. பலாப்பழமோ பருவத்தில் சாலையோரம் குவிந்து, விலையின்றி அழுகுகிறது. சுளையைப் பதப்படுத்தும் கூடமும், குளிர்பதனக் கிடங்கும், உரிய நேரத்தில் வந்து நிற்கும் வண்டியும் இருந்தால் அதே பழம் கடல் கடந்து செல்லும். சரக்குப் போக்குவரத்து என்று பெரியோர் பேசும் பெருஞ்சொல்லின் பொருள், உழவனுக்கும் மீனவப் பெண்ணுக்கும் இதுதான்.

கால்கள் வலுப்பெறுகின்றன

வழிகள் திறந்து வருகின்றன என்பது உண்மை. விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே கடலூர், சிதம்பரம் வழியே செல்லும் இருப்புப்பாதை 2010-இல் அகலப்பாதையாயிற்று. விழுப்புரம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலை நான்குவழியாக அகன்று வருகிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம்வரை 50 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை 2025 ஜூலையில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

கடலூர்த் துறைமுகம் ஆங்கிலேயர் 1690-இல் புனித டேவிட் கோட்டையை வாங்குமுன்பே வாணிகம் கண்ட இடம். ஆழம் போதாமையால் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, படகுகள் சென்று சரக்கை ஏற்றி இறக்குவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. மத்திய அரசின் சாகர்மாலா திட்டத்தின்கீழ் இத்துறைமுகத்தில் மேம்பாட்டுப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. இங்கே மீன்பிடி படகுகளும் அதே முகத்துவாரத்தைத்தான் நம்பியுள்ளன. கப்பலுக்கு இடம் செய்கையில் படகின் இடம் பறிபோகாதிருக்க வேண்டும்.

இத்தனை வழிகளும் எதைச் சுமந்து செல்லப்போகின்றன? நம் மண்ணில் விளைந்ததையும் நம் கை ஆக்கியதையும் சுமந்து செல்லுமாயின் நமக்கு வாழ்வு. வடக்கே செய்த பொருளைத் தெற்கே கொண்டு சேர்க்கும் லாரிகளுக்கு வெறும் வழித்தடமாக நாம் இருப்போமாயின், நமக்கு மிஞ்சுவது புழுதியும் விபத்தும்தான்.

நம்மால் ஆகக்கூடியவை

முதலாவது, கைத்திறன். 1929 முதல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உள்ளது. பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரின ஆராய்ச்சி நடைபெறுகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனம் இயங்குகிறது. இவ்வளவு அறிவு அருகிலிருந்தும், 'எழுத்தர் வேலை கிடைத்தால் போதும்' என்று பிள்ளைகளைப் பழக்குவது நம் பிழை. குளிர்சாதனக் கருவி பழுது பார்ப்பவன், பற்றவைப்பவன், கிடங்குக் கணக்கு அறிந்தவன், உணவுப் பொருளின் தரம் சோதிப்பவள் ஆகியோருக்கே நாளைய தொழில்களில் இடம் உண்டு.

இரண்டாவது, கேட்கும் துணிவு. பெருந்தொழில்கள் பலவற்றுக்கு அனுமதி தருமுன் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டுமென 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை கூறுகிறது. அறிக்கையின் சுருக்கம் தமிழில் தரப்பட வேண்டும். அக்கூட்டம் நடக்கும் நாளில் வீட்டில் இருந்துவிட்டு, பின்னர் புலம்புவதால் பயனில்லை. கழிவுநீர் எங்கே போகும்? நீர் எங்கிருந்து வரும்? உள்ளூர் இளைஞருக்கு நிரந்தர வேலையா, ஒப்பந்தக் கூலியா? வெள்ளமும் புயலும் வந்தால் நச்சுப்பொருளை எப்படிக் காப்பீர்? இவற்றைத் தாய்மாரும் எழுந்து கேட்கலாம். கிராம சபையிலும் கேட்கலாம்.

மூன்றாவது, கூட்டுறவு. தனியாக நின்றால் முந்திரி உடைக்கும் பெண்ணுக்கும் கருவாடு விற்கும் பெண்ணுக்கும் இடைத்தரகர் சொன்னதே விலை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு குளிர்பதனப் பெட்டி. ஐம்பது சேர்ந்தால் ஒரு வண்டி. நூறு சேர்ந்தால் சொந்த முத்திரையோடு ஒரு பண்டம். சுயஉதவிக் குழுக்களில் சேமிக்கக் கற்றுக்கொண்ட நம் பெண்கள், உற்பத்தி செய்யவும் கற்றுக்கொள்வார்கள்.

ஆலை வரட்டும், சாலை நீளட்டும். ஆனால் வரும் ஆலை நம் மண்ணின் விளைச்சலையும் நம் பிள்ளைகளின் திறமையையும் மதிப்பதாயிருக்கட்டும். பரங்கிப்பேட்டை உலை அணைந்தபோது நம் முன்னோரைக் கேட்பார் எவருமில்லை. இன்று கேட்கும் உரிமை நமக்குச் சட்டத்தில் இருக்கிறது. அதனைப் பயன்படுத்தாதிருந்தால், நம் பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு நாம்தான் விடை சொல்ல வேண்டியிருக்கும். இம்மாதம் உங்கள் ஊரில் கிராம சபை கூடினால், குடும்பத்தில் ஒருவரேனும் சென்று அமருங்கள்.