முன்பல்லும் மூடிய வாயும்

வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னதும் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் காணலாம். பாடம் தெரியவில்லை என்று தீர்மானித்துவிடுவது சுலபம். சிலருக்குப் பாடம் நன்றாகவே தெரியும். வாயைத் திறந்தால் கோணல் பல் தெரிந்துவிடுமே என்பதுதான் அவர்களுடைய கவலை.

இது அற்ப விஷயமென்று நாம் கருதவில்லை. கானடா தேசத்து டொரான்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே 37 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை 2002-ல் வெளியிட்டார்கள். மெல்ல முடிகிறதா என்பதோடு அது நிற்கவில்லை. கடந்த மூன்று மாதங்களில் பிறர் முன்னிலையில் சிரிக்கத் தயங்கியதுண்டா, வகுப்பில் உரக்கப் படிக்க மனமில்லாமல் இருந்ததுண்டா, மற்றப் பிள்ளைகள் பரிகாசம் செய்ததுண்டா என்றும் கேட்கிறது. இவ்விதம் விசாரித்தவர்கள் கண்டது, பல் கோணலின் துன்பம் சாப்பாட்டைவிட மனத்திலும் தோழமையிலுமே அதிகம் என்பதாகும். வைத்தியர் அளந்து சொல்லும் கோணலும் பிள்ளை படும் வேதனையும் பல சமயம் ஒத்துப்போவதுமில்லை.

ஒத்துப்போகாததில் வியப்பென்ன? அக்காளின் தெத்துப் பல்லை அதிர்ஷ்டமென்று கொண்டாடும் அதே வீட்டில், தம்பியின் எடுப்புப் பல்லுக்குத் 'தேங்காய் துருவி' என்று பட்டம் கிடைக்கிறது. சூட்டுகிறவர் பெரும்பாலும் மாமாதான், பிரியத்தினால் சொல்லுகிறார். பிரியமில்லாமல் அதையே சொல்லப் பள்ளிக்கூடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மாமா மறந்துவிடுகிறார்.

கடன் வாங்கியாவது கம்பி கட்டிவிட்டால் பிள்ளையின் மனக்குறை தீர்ந்துவிடும் என்று நம்பும் பெற்றோரும் உண்டு. வேல்ஸ் தேசத்துக் கார்டிப் நகரில் 1981-ல், 11, 12 வயதுப் பிள்ளைகள் 1,018 பேரைப் பரிசோதித்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அவர்களில் 337 பேரை மறுபடியும் விசாரித்தார்கள். கம்பி கட்டிக்கொண்டவர்களுக்குப் பல்வரிசை சீராயிருந்தது. அதில் திருப்தியும் இருந்தது. ஆனால், சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள் அதன் காரணமாகப் பிற்காலத்தில் மனம் குன்றிப்போகவில்லை. எடுப்பான முன்பல் விளையாட்டில் அடிபட்டு உடையும் அபாயம் அதிகமாதலால், வைத்தியர் கம்பி அவசியமென்றால் கட்டவேண்டியதுதான். அதற்கே பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கும்.

கார்டிப் முடிவைப் படித்துவிட்டு, "பெரியவனானால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதும் போதாது. நாளைக் காலை இரண்டாம் பீரியடில் அவன் எழுந்து நின்று படித்தாக வேண்டும். பின் பெஞ்சியில் அந்தப் பட்டம் தயாராக இருக்கிறது.